ஆண் கத்தரிக்காய் கிலோ இருநூற்றி இருபது

மாலை ஐந்து மணியானால் உரும்பிராயில் அம்மனுக்குச் சந்தை ஞாபகம் வந்துவிடும்.

நாலரைக்கே அம்மனின் தகரக் கொட்டிலைச் சுற்றிச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுமாக ஒழுங்கை அடைபட்டுப் போகும். கோப்பாய் ஆட்கள் முன்வரிசையில், பிந்தி வந்தவர்கள் மதிலில். ஒரு கடலைக்காரன்கூட வண்டிலோடு நிரந்தரமாகிவிட்டான். கடலைக்காரனே நம்பி முதல் போட்ட பிறகு அந்தத் தெய்வத்தின் சக்தியில் யாருக்குச் சந்தேகம் வரும்?

மற்றத் தெய்வங்கள் பிள்ளை வரம் தரும், விசா தரும். இந்த அம்மன் மரக்கறி விலை சொல்லும். கொடிகாமச் சந்தையில் நாளைக்குக் கரட் என்ன விலை, பீற்றூட் என்ன விலை என்று சந்தைச் சாமி என்று பேரெடுத்த பூசாரி கலை வந்து ஆடி ஆடிச் சொல்லுவார். மறுநாள் போய்ப் பார்த்தால் ரூபா பிசகாது. பிசகாத தெய்வத்துக்குத் தட்டில் நூறு ரூபா போட்டால் என்ன குறைந்துவிடும்?

பத்மாசினிக்கு நிறையக் குறைந்துகொண்டிருந்தது. அவளும் கணவன் நாகலிங்கமும் ஆறு பரப்பில் கத்தரி வைத்திருந்தார்கள். அம்மன் கரட்டுக்கும் பீற்றூட்டுக்கும் கச்சிதமாக விலை சொன்னா. கத்தரிக்கு மட்டும் எப்போதும் கை இறுக்கம். கத்தரி நூற்றி இருபது என்று அம்மன் சொல்லி வாய் மூடுமுன் ஒழுங்கை முகப்பில் வியாபாரி றஜிந்தனின் லொறி வந்து நிற்கும். "அம்மன் சொன்னதுக்கு மேலை அஞ்சு ரூபா தாறன்!" என்பான் றஜிந்தன். அம்மனை விட ஐந்து ரூபா தாராளமான மனிதன்! சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். கொடிகாமத்துக்குக் கொண்டுபோகிற கூலியும் மிச்சம், சந்தைக் கழிவும் மிச்சம்.

கமக்காரர் அமைப்பில் வேலை செய்த ஜெயனி என்ற பிள்ளை, பதிந்து வைத்தவர்களுக்கெல்லாம் தினமும் நாலரைக்கு மறுநாளைக்கான கொடிகாம விலையைப் போனில் அனுப்பி வந்தாள். பத்மாசினியும் பதிந்திருந்தாள். அதில் கத்தரி நூற்றி எண்பது என்று இருக்கும்.

"இஞ்சாருங்கோ, போனிலை நூற்றி எண்பது எண்டு கிடக்கு."

"போனை ஆர் செய்தது? மனுசன். அம்மனை ஆர் செய்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் நாகலிங்கம் மூட்டையைக் கட்டுவார். இறைக்கிற மெசின் பழுதாகி ஒன்றரை மாதம். திருத்தக் காசில்லை. பத்மாசினி கிணற்றிலிருந்து வாளியால் அள்ளிக் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மனின் அருளால் அவளுடைய தோள் மூட்டு இரண்டும் இரவில் முனகின.

ஒரு வியாழக்கிழமை ஜெயனிக்கு விரல் தவறிவிட்டது. கரட் 230 என்று அடிக்க வேண்டியதை 320 என்று அடித்து அனுப்பிவிட்டாள். ஆறரை மணிக்குத்தான் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினாள். ஆனால் ஐந்து மணிக்கே கொட்டிலில் அம்மன் அலறிவிட்டிருந்தா: "கரட் முன்னூற்றி இருபது!"

மறுநாள் கரட்காரர் முகம் தொங்கிப்போய் வந்தார்கள்.

"அம்மனுக்கும் ஒரு நாளைக்குப் பிழைக்கும்தானே," என்றார் நாகலிங்கம்.

"பிழைக்கட்டும். அந்தப் பிள்ளைக்குப் பிழைச்ச அதே மாதிரி எப்பிடிப் பிழைக்கும்?"

நாகலிங்கம் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். பதில் தெரியாத கேள்விக்கு அவரிடம் இருந்த மருந்து அதுதான்.

பத்மாசினி நேரே ஜெயனியிடம் போனாள். இருவருமாகப் பதிவுகளைப் பார்த்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். முப்பது பேரின் முகம் தெரியும். கடைசிப் பெயர்: ஜெயதீபன், பூசணிச் செய்கை, நாலு பரப்பு.

"எங்கடை ஊரிலை பூசணி வைக்கிற ஜெயதீபன் ஆர், பிள்ளை?"

"தெரியேல்லை அக்கா. போனிலைதான் பதிஞ்சவர்."

"அப்ப நாளைக்கு அவருக்கு மட்டும் தனியாய் ஒரு விலை அனுப்பும். மற்ற ஆக்களுக்குச் சரியானதை அனுப்பும்."

என்ன அனுப்பலாம் என்று இருவரும் யோசித்தார்கள். யோசித்ததைவிடச் சிரித்ததுதான் கூட.

அடுத்த நாள் ஐந்து மணி. உடுக்கு அதிர்ந்தது. சந்தைச் சாமி வழக்கம்போலக் கலை வரவழைக்கத் திரைக்குப் பின்னால் போய்ச் சிவப்புப் பட்டோடு ஆடிக்கொண்டு வந்தார்.

"கேளடா மகனே! ஆண் கத்தரிக்காய் கிலோ இருநூற்றி இருபது! பெண் கத்தரிக்காய் நூற்றி ஐம்பது!"

உடுக்குக்காரன் நிறுத்திவிட்டான். கடலை கொறித்த வாய்களும் நின்றன. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் பிறந்தது முதல் கத்தரித் தோட்டத்தில் நடமாடியவர்கள்.

நாகலிங்கம் கையைக் கூப்பிக்கொண்டு, உண்மையான பக்தியோடு கேட்டார்: "தாயே, என்ரை தோட்டத்திலை நிக்கிறது ஆணோ பெண்ணோ?"

"காம்பிலை முள்ளிருந்தால் ஆண்!"

"எல்லாத்திலையும் முள்ளிருக்கே தாயே."

"அப்ப... அப்ப எல்லாம் ஆணடா!"

"பொம்பிளை எடுக்க எங்கை போறது?" என்று மதிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கோப்பாய் ஆட்கள் குலுங்கினார்கள்.

பத்மாசினி கணவன் காதுக்குள், ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "பாருங்கோ, இனிக் குதிரை வெண்டிக்காய் எண்டு வரும். நூற்றி ஐம்பது."

சாமி கண்ணைச் செருகினார். "குதிரை வெண்டிக்காய் நூற்றி ஐம்பது!"

நாகலிங்கம் திடுக்கிட்டு மனைவியை விட்டு ஓரடி விலகி நின்றார். "என்னப்பா, உமக்கும் கலை வந்திட்டுதோ?"

"எனக்கும் கலை வரேல்லை, சாமிக்கும் வரேல்லை. அவருக்கு மெசேஜ்தான் வந்தது. இந்தாங்கோ, வாசியுங்கோ. ஒரேயொரு நம்பருக்கு ஜெயனி அனுப்பினது."

பக்கத்தில் நின்ற ஜெயனியின் போனை வாங்கி நாகலிங்கம் உரத்து வாசித்தார். "ஆண் கத்தரி இருநூற்றி எண்பது. பெண் கத்தரி இருநூற்றிப் பத்து. குதிரை வெண்டிக்காய் நூற்றி ஐம்பது." நிறுத்தினார். மனதுக்குள் கழித்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "இதிலை இருநூற்றி எண்பது எண்டு கிடக்கு. அம்மன் இருநூற்றி இருபது எண்டல்லோ சொன்னவ? கத்தரியிலை மட்டும் அறுபது ரூபா எங்கை போனது?"

ஒழுங்கை முகப்பில் லொறி உறுமியது. றஜிந்தனுக்குத் திடீரென்று வேறெங்கோ அவசர வேலை.

ஜெயனி அந்த முப்பத்தோராவது நம்பரை அழுத்தினாள். திரைக்குப் பின்னால் ஒரு குத்துப்பாட்டு அலறியது. நாகலிங்கமே போய்க் குங்குமத் தட்டுக்கு அடியிலிருந்து போனை எடுத்து வந்தார்.

"பூசணி ஜெயதீபன் நீர்தானோ?"

அம்மன் மலையேறிவிட்டா, மிஞ்சியது பட்டு உடுத்த ஜெயதீபன் மட்டும். "அண்ணை, அடிச்சுப் போடாதையுங்கோ. நான் பஸ் ஸ்ராண்டிலை போன் கவர் வித்தனான். கிலோவுக்கு இருபது ரூபா தாறன், கத்தரியைக் குறைச்சுச் சொல்லு எண்டு றஜிந்தன்தான் கேட்டவன்."

யாரும் அடிக்கவில்லை. சிரித்த வயிற்றோடு அடிப்பது கஷ்டம். தட்டில் கிடந்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கத்தரிக்காய் பார்த்திராத ஜெயதீபனுக்கு ஒரு கூடை நிறையக் கொடுத்து, வேண்டுமானால் ஆண் பெண் பிரித்துக்கொள்ளச் சொல்லிப் பஸ் ஏற்றினார்கள். றஜிந்தன் மீது பொலிசில் முறைப்பாடு போனது.

ஒரு கிழமைக்குள் ஜெயனியிடம் முப்பது நம்பர் இருநூறாகிவிட்டது. கத்தரிக்காரர் பதினொரு பேர் போனிலேயே பேசிவைத்து, ஒரே லொறி பிடித்துக் கொடிகாமத்துக்கு ஏற்றினார்கள். கூலியும் கழிவும் போக நாகலிங்கத்தின் கையில் கிலோவுக்கு நூற்றி ஐம்பத்தைந்து நின்றது. இறைக்கிற மெசின் மறுபடி இரைந்தது. பத்மாசினி வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள்.

மெசின் இரைந்த இரண்டாம் நாள் நாலரைக்கு நாகலிங்கம் போனைச் சாமிப் படத்தட்டில் வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரமும் கையுமாக நின்றார்.

"உதென்ன செய்யிறியள்?"

"நாலு காசு காட்டின சாமானெல்லே."

"பொட்டை அழியுங்கோ, எழுத்துத் தெரியேல்லை. உதுவும் ஆரோ ஒராள் அடிக்கிறதுதான். சந்தேகம் எண்டால் சந்தைக்கு அடிச்சு நாலு பேரைக் கேளுங்கோ."

கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலைத் தூக்கத்தான் எங்கள் சனத்துக்கு எவ்வளவு பஞ்சி, எவ்வளவு சோம்பல்!