மூன்றாம் வெர்ஷனில் காலமான மாமாவுக்கு

பேகம்பேட்,
11.8.2004

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் தண்டபாணி தலைகுனிந்து எழுதுவது. நான் இங்கு நலமில்லை. தாங்கள் அங்கு பரிபூரண நலம் என்பது என் ஆபீஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, வினையே அதுதான்.

எங்கள் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு முறை புது வெர்ஷன் ஏற்றும்போதும் தேதி என்ன, ஏற்றியது யார், தாமதமென்றால் ஏன் என்று டேட்டாபேஸில் ஒரு வரி பதிய வேண்டும். காரணம் எழுதாமல் அது நம்மை விடாது. 2.1 ஏற்ற வேண்டிய நாளில் நான் மறந்துபோய் சினிமாவுக்குப் போய்விட்டேன். அதை எழுத முடியுமா? 'மாமனாருக்கு நெஞ்சுவலி' என்று போட்டேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அந்த ருசியில் 2.2-க்குத் தங்கள் இடுப்பை முறித்தேன், 2.3-க்கு ஐ.சி.யூ.வில் சேர்த்தேன், 3.0 நான்கு நாள் இழுத்ததும் வேறு வழி தெரியாமல்... மன்னியுங்கள் மாமா, கை கூசத்தான் செய்தது.

அந்தப் பாழாய்ப்போன பட்டியலை மேனேஜர் ஃபெலிக்ஸ் உட்கார்ந்து படிப்பார் என்று யார் கண்டது? மாலையோடு எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு தங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். "பெருமாள் சார் போட்டோ எங்க சார்? மாலை போடணும்" என்று தங்களிடமே கேட்டாராம். "போட்டோ எதுக்குய்யா, பெருமாளே நான்தான்" என்று தாங்கள் கழுத்தை நீட்டினீர்களாம். தங்களைப் பார்க்க அங்கே வந்திருந்த ரோகிணி இன்னும் வீடு திரும்பவில்லை. போன் செய்தால், "எங்கப்பாவ கம்ப்யூட்டர்ல கொன்ன மனுஷனோட குடித்தனமா? நக்கோ, வேண்டவே வேண்டாம்!" என்று வைத்துவிடுகிறாள்.

அந்த வரிகளை அழிக்கவும் முடியாது. கீழே புது வரிதான் சேர்க்கலாம். தங்கள் ஒர்க்‌ஷாப் ரிஜிஸ்டரில் அடித்துக் கையெழுத்துப் போடும் வசதிகூட இதில் இல்லை. ஆகவே நேற்று 3.1-ஐக் குறித்த நேரத்தில் ஏற்றி, 'மாமனார் உயிருடன் இருக்கிறார், முன்பு எழுதியது அத்தனையும் பொய்' என்று எல்லோரும் பார்க்கப் பதிந்தேன். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. அவளில்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை மாமா. ஞாயிறன்று வந்து காலில் விழுகிறேன். இனி என் வாயில் பொய் வராது. அவளை என்னோடு அனுப்பி வையுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் நீண்ட ஆயுளை வேண்டும்,
தண்டபாணி

பி.கு.: இதைக் கவரில் போடும்போது ஃபெலிக்ஸ் என் மேஜைக்கு வந்துவிட்டார். 3.1 கோளாறாகி, டேட்டாபேஸோடு சேர்த்து எல்லாவற்றையும் முந்தாநாள் நிலைக்கே திருப்பிவிட்டார்களாம். என் புது வரி போயிற்று. தாங்கள் மறுபடியும் காலமாகிவிட்டீர்கள். மதியத்துக்குள் மீண்டும் ஏற்று என்று காலையிலேயே மெயில் அனுப்பியிருக்கிறார். கடித மும்முரத்தில் நான் பார்க்கவில்லை. இப்போது மணி நான்கு. தாமதத்துக்குக் கம்ப்யூட்டர் காரணம் கேட்கிறது. அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கிறது, மாமா?