செங்கில் ஒரு குளிர்காலம்

ஒன்பது ஆண்டுகள் தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவள் நான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதாதே." அதே நான்தான் மலாக்காவில், கொளுத்தும் பிற்பகலில், தகரக் கூரைக்குக் கீழே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு குளிர்கால யோகா வகுப்பு எடுத்தேன். மறுக்க வழியில்லை. இருபது பேர் சாட்சி.

எங்கள் பத்திரிகையின் மலாக்கா அலுவலகத்தை மூடியதும் யோகா ஆசிரியையாவது என்று முடிவு செய்தேன். சான்றிதழ் வந்தது. மாணவர்கள் வரவில்லை. என் கணவர் குணா பொறுமைசாலி. அவருடைய அண்ணனுக்கு அந்தக் குணம் கிடையாது. சுங்கை ஊடாங்கில் அவர் நடத்தும் குத்தகை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை ஒன்று காலியாக இருந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு வகுப்பாவது நிரந்தரமாகக் கிடைக்காவிட்டால் அதில் சேர்ந்துவிடுகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். (அவருடைய மேசைக்கு நேர் எதிரே என் மேசை. மின்விசிறிகூட அவர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.)

அந்த நேரத்தில் இணையத்தில் ஒரு பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். மென்மையான யோகாவைக் குளிர்காலத்துக்கு ஏற்ப எப்படி மாற்றுவது என்பது பாடம். ஏன் அதைப் படித்தேன் என்று கேட்காதீர்கள், அந்த மாதம் அது ஒன்றில்தான் இடம் இருந்தது. சொல்லிக்கொடுத்த அம்மையாருக்குப் பின்னால், சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு அடுக்கு உடை, அடைத்த சன்னல், தொடக்கத்தில் சூடான இஞ்சித் தண்ணீர், தரையை ஒட்டிய ஆசனங்கள், முடிவில் போர்வை. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"மலாக்காவுல எங்க ரேவதி குளிர்காலம்?" என்றார் குணா.

மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. கோயிலில் பழக்கமான பார்வதி அக்கா, செங் தொழிற்பேட்டையில் உறைமீன் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

"உள்ளுக்கு எப்பவும் நாலு டிகிரிதான் லா," என்றார். "பொம்பளைங்களுக்கு யோகா வைக்கலாம்னு மேனேஜர் சொல்றாரு. ஒரு தடவ எடுத்துக் காட்டுங்க. அவருக்குப் புடிச்சா வாரம் ரெண்டு கிளாஸ்."

எனக்குப் புல்லரித்தது. வருடம் முழுவதும் குளிர்காலத்தில் வாழ்கிற இருபது பெண்கள், என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில்!

"முன்னாடியே வந்து ஒரு தடவ எடத்தப் பாத்துட்டுப் போறீங்களா?"

"எதுக்குக்கா? எல்லாம் ரெடியா இருக்கு."

இந்த நாட்டில் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் கேமரன் மலைக்குப் போனபோது வாங்கிய ஒரு சுவெட்டர் இருக்கும். ஒரே ஓர் இரவு போட்டிருப்பார்கள். பிறகு பாச்சை உருண்டையோடு அலமாரிக்குள் போய்விடும். என்னுடையது அரக்கு நிறம். பதினொரு வருடத்துக்குப் பிறகு அதை வெளியே எடுத்தேன். கூடவே தொப்பியும்.

புதன்கிழமை மூன்று மணி. தொழிற்சாலைக் கண்டீனில் பாய்களை விரித்து வைத்திருந்தேன். வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். நீலநிறத் தடித்த ஜாக்கெட், ரப்பர் பூட்ஸ். நேராக என்னிடம் வராமல், லாரிகள் நிற்கும் பக்கத்துச் சுவரில் வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றார்கள். விரல்களை அக்குளுக்குள் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் யாரும் நகரவில்லை. நான் அதைப் பார்த்தேன். "தாமதம்" என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். (ஒன்பது வருட அனுபவம்!)

உள்ளே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"யாரும் கழட்ட வேணாம்," என்றேன். "ரெண்டு அடுக்கு இருக்கணும். சன்னல சாத்துங்க. அந்த ஃபேனையும் நிறுத்திடுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் மேனேஜர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்ததால் சொன்னபடியே செய்தார்கள். எல்லாருக்கும் கொதிக்கக் கொதிக்க இஞ்சித் தண்ணீர் ஊற்றினேன்.

முதல் பத்து நிமிடம் அருமையாகப் போயிற்று. எனக்குள் உற்சாகம் பொங்கியது. மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் ஆசனத்துக்கு வந்தபோது, கூரையிலிருந்து இறங்கிய சூடும் இஞ்சியும் சந்தித்துக்கொண்டன.

"டீச்சர்," என்றாள் கமலா என்ற இளம்பெண், தலையைத் தூக்காமலே. "இது யோகாவா, இட்லிச் சட்டியா?"

"பேசாதம்மா. ஒடம்புக்குள்ள இருக்கிற சூட்ட உணரு."

"அதெல்லாம் உணர்ந்தாச்சு டீச்சர். ரொம்ப பனாஸ், வேகுது."

என் தொப்பியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கழற்றியிருக்கலாம். ஆனால் மேனேஜர் அப்போதுதான் ஏதோ எழுதினார். இன்னும் மெதுவாக, இன்னும் கனிவாகப் பேசினேன். கடைசியில் போர்வை கொடுக்க எழுந்தேன். கூரை இடப்பக்கமாக நகர்ந்தது. நான் வலப்பக்கமாகப் போய்ப் பாயில் மல்லாந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்வதி அக்கா சொல்லித்தான் தெரியும். நான் சவாசனம் செய்து காட்டுகிறேன் என்று நினைத்து இருபது பேரும் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்களாம். மேனேஜர் தலையை ஆட்டி ரசித்தாராம். இரண்டு நிமிடம் அற்புதமான அமைதி. பிறகு கமலா ஒரு கண்ணைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, டீச்சர் மூஞ்சி ஏன் அவங்க சுவெட்டர் கலர்ல இருக்கு?"

மீன் பெட்டி தள்ளும் வண்டியில் என்னை ஏற்றி, பொட்டலம் கட்டும் அறைக்கு ஓடினார்கள். வாசலில் காவலாளி மறித்தாராம். வெளியாள் யார் உள்ளே போனாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நான் மயக்கத்தில் காத்திருக்க, அவர் நிதானமாக எழுதினார்.

கண் விழித்தபோது என் இரண்டு பக்கமும் கெம்போங் மீன் பெட்டிகள். சொர்க்கம் போல இருந்தது. பத்து நிமிடத்தில் சொர்க்கம் விரல் நுனிகளைக் கடிக்க ஆரம்பித்தது.

"அக்கா, வெரல மடக்க முடியல. கழுத்தும் புடிச்சிக்கிச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்பதான் டீச்சர் வேலைக்கு வந்திருக்காங்க," என்றார் பார்வதி அக்கா. "எங்களுக்கு எட்டு மணி நேரம் இதேதான் லா."

மீன் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், மணிக்கட்டைச் சுழற்றினேன், தோளைக் காதுவரை தூக்கி இறக்கினேன். யாரும் சொல்லாமலே பூட்ஸோடு நின்றபடி எல்லாரும் அதைச் செய்தார்கள்.

"இத மொதல்லயே சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள் கமலா.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் குறிப்பேட்டை மூடினார். அடுத்த வாரமே வரச் சொன்னார், சுவெட்டர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு. இன்றைக்கும் வாரம் இரண்டு நாள் போகிறேன். பாய் இல்லை, இஞ்சி இல்லை. அந்த வெயில் சுவரில் முதுகைச் சாய்த்துப் பதினைந்து நிமிடம். குளிர்காலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். நான் விரல்களை மட்டும் சேர்த்தேன். சுங்கை ஊடாங் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

அன்று மாலை வெளியே வரும்போது, பழைய தொழில் புத்தி, பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டேன். அதைக் குணாவிடம் காட்டியதுதான் நான் செய்த கடைசித் தவறு. பெயர்: யோகா டீச்சர். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் காவலாளி மலாயில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: டீச்சரைக் குளிர வைக்க.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவை நான் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்:

"வந்த நோக்கம்?"