கழுவியவர்: சிவதாணு

கலைக்கூடங்களில் பொருள்களைச் சேதப்படுத்தியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். கைதவறிக் கீழே போட்டவர்கள், சாய்ந்து நின்று கவிழ்த்தவர்கள், 'தொடாதீர்கள்' என்ற அட்டையைத் தொட்டுத் தடவியே படித்தவர்கள். சோப்புப் போட்டு, கம்பிநாரால் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்துச் சேதப்படுத்தியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். (எங்கள் மாவட்டத்தில் மழைக்காலம், பனிக்காலம் போல இதுவும் ஒரு காலம். எல்லா வீட்டிலும் வந்து போகும்.) நாகர்கோவிலில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கும் ஓவியக்கூடத்தில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதால் போய் உட்காரத் தொடங்கினேன். என் கையெழுத்து மணிமணியாக இருந்ததால், படங்களுக்குக் கீழே ஒட்டும் பெயரட்டைகளை எழுதும் பதவி கிடைத்தது. சம்பளம் கிடையாது, டீ உண்டு.

கூடத்தை நடத்துபவர் சுகந்தி டீச்சர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தோவாளையிலிருந்து பூக்கட்டும் பெண்கள் வந்து பூவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைவார்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் காலை வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்து யானை வரைவார். யானை மட்டும்தான் வரைவார். டீச்சர் யாரையும் திருத்த மாட்டார். "யானைக்கு நாலு காலும் தெரியணும்னு சட்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அந்தப் படத்தையும் சுவரில் மாட்டிவிடுவார். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அங்கே போனால் மனசு நிறைந்துவிடும். இப்போதும் அப்படித்தான்.

அந்த வருடம் டீச்சர் 'அடுக்களை' என்று ஒரு கண்காட்சி வைத்தார். எங்கள் பக்கத்தில் சமையலறைக்கு அதுதான் பெயர். மாவட்டம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தங்கள் அடுக்களையில் தினமும் புழங்கும் ஒரு சாமானைக் கொண்டுவந்து பார்வைக்கு வைக்க வேண்டும். மலையோரத்திலிருந்து சிரட்டை அகப்பை வந்தது, வயற்காட்டு ஊர்களிலிருந்து இட்லிக் கொப்பரை வந்தது. கடற்கரையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. "எங்க சட்டியையும் பானையையும் பாக்க எவன் டீச்சர் வருவான்?" என்று கடியப்பட்டணத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

டீச்சர் விடாமல் பஸ் ஏறிப் போய்ப் போய்ப் பேசினார். கடைசியில் ஞாயிறு வகுப்புக்கு வரும் பிலோமினா அக்காதான் வழிவிட்டார். அந்த ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். அவர் தன் மீன்சட்டியைத் தந்தார். அவரை நம்பி மற்றவர்களும் புட்டுக்குடம், அரிவாள்மணை என்று ஒவ்வொன்றாகத் தந்தார்கள். டீச்சர் அன்றைக்கு என்னிடம், "இத பத்திரமா பாத்துக்க தாணு. இதுல ஒரு குறை வந்துச்சுன்னா அவங்க இனி இந்தப் படி ஏற மாட்டாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சுத்த சைவம். மீன் இல்லாமல் சோறு இறங்காத மாவட்டத்தில் நாங்கள் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். மீன்சட்டி என்ற ஒன்றை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே அன்றைக்குத்தான். உள்ளும் புறமும் கன்னங்கரேல் என்று இருந்தது. மூக்கைக் கொண்டுபோனால் கடியப்பட்டணமே எழுந்து வந்தது. 'சாமானையெல்லாம் தூசி தட்டி வை' என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே போயிருந்தார். திறப்பு விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பிலோமினா அக்காவின் சட்டியைப் பார்த்து யாராவது அழுக்கு என்று சொல்லிவிட்டால்?

என் நெஞ்சில் அன்பு பொங்கியது. (அதோடு நிறுத்தியிருக்கலாம்.) கீழே போய் எலுமிச்சை வாசனையுள்ள பாத்திர சோப்பும் கம்பிநாரும் வாங்கி வந்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு உரிந்து வந்தது. அது வருடக்கணக்காக எண்ணெயும் புளியும் மீனும் ஊறி ஏறிய பதம் என்றும், மண்சட்டிக்கு சோப்பே ஆகாது, மண் அதைக் குடித்து வைத்துக்கொண்டு குழம்பில் கக்கும் என்றும் எனக்கு யார் சொல்வது? மத்தியானத்துக்குள் சட்டி செக்கச்செவேல் என்று புத்தம்புதிதாகிவிட்டது. நான் சற்றுத் தள்ளி நின்று அதன் அழகைப் பார்த்துச் சொக்கிப்போனேன். பிறகு மேடையில் வைத்து, 'மீன்சட்டி. புழங்குபவர்: பிலோமினா, கடியப்பட்டணம்' என்று அட்டை எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலையில் கடியப்பட்டணத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகிற நல்ல புடவையில் இருந்தார்கள். அவரவர் சாமானுக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிலோமினா அக்கா தன் பெயரட்டையைக் கண்டுபிடித்தார். சட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மக்கா, இது யாருக்க சட்டி?"

"உங்களுக்கதான்க்கா."

"எனக்க சட்டி கறுப்பாக்கும்."

"கழுவிட்டேன்க்கா," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அக்கா சட்டியைத் தூக்கி மோந்து பார்த்தார். "எலுமிச்சங்கா மணக்கு... சோப்பு போட்டியா?"

அந்தக் குரலில் கேலி இல்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் முடிந்து வந்ததும் வாங்கி, அன்றிலிருந்து அவர் பழக்கிய சட்டி. பக்கத்தில் நின்ற பெண் தன் புட்டுக்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா பிள்ள, போவோம். இவங்களுக்கு நம்ம சாமானு நாறுதாம்" என்றாள். இன்னொருவர் அரிவாள்மணையை எடுத்தார். டீச்சர் வாசலிலேயே சிலையாக நின்றுவிட்டார். அவருடைய இத்தனை நாள் உழைப்பும் என் கம்பிநாரால் வேன் ஏறிப் போகப் போகிறது.

"நாறுதுன்னு இல்லக்கா," என்று நான் உளறினேன். "உங்க சட்டிய ஒருத்தரும் குறை சொல்லிரக் கூடாதுன்னுதான்..."

பிலோமினா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுல பாத்திரம் கழுவுவியா?"

"இல்லக்கா."

"ஒரு தம்ளரு?"

"இல்லக்கா."

"அப்போ ஆயுசுல முதல்ல கழுவினது எனக்க சட்டியாக்கும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து, "புட்டுக்குடத்த கீழ வை பிள்ள. ஒருத்தியும் போவாண்டாம். சட்டிய கெடுத்தவன் இவன்தான, இவனே பழக்கித் தரட்டும். இந்தச் சைவப்பிள்ள சாளைக்கறி வைக்கத பாக்காம நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?" என்றார்.

அந்த ஒரு பேச்சில் கண்காட்சி பிழைத்தது. அவ்வளவு கோபத்தையும் சிரிப்பாக மாற்றி, என்னையும் டீச்சரையும் சேர்த்துக் காப்பாற்றிய அந்த மனசை நான் இன்றுவரை கும்பிடுகிறேன்.

கண்காட்சி முடியும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடத்தின் பின்முற்றத்தில் அடுப்பு எரிந்தது. முதலில் கஞ்சித் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டினேன். பிறகு தேங்காயெண்ணெய் தடவிச் சூடாக்கினேன். அதற்குப் பிறகு சாளை மீன் வந்தது. முதல் மீனை நான் கண்ணை மூடிக்கொண்டு கழுவியதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடியது. தோவாளைப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை வரைந்தார்கள். குலசேகரத்துக்காரர் முதல்முறையாக யானையை விட்டுவிட்டு ஒரு சட்டி வரைந்தார் (பக்கத்தில் ஒரு தும்பிக்கை இருந்தது). மாடியில் ஓவியம் பார்க்க வராதவர்கள்கூடக் கறி வாசம் பிடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மாடிக்கும் ஏறினார்கள். அந்தக் கூடத்தில் அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. டீச்சர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் டீயோடு ஒரு பழம்பொரியும் வரத் தொடங்கியது.

கடைசி நாள் பிலோமினா அக்காவின் வீட்டுக்காரர் வந்து கறியைச் சுவைத்தார். கடலில் மேகம் பார்க்கிற முகத்தோடு வெகுநேரம் யோசித்தார். "கறி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. எலுமிச்சங்கா மட்டும் கொஞ்சம் தூக்கலா நிக்கு" என்றார். அக்கா என் கையில் பேனாவைத் தந்து, பெயரட்டையில் மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'கழுவியவர்: சிவதாணு.' மணிமணியாக எழுதினேன்.

வீட்டில்தான் பயந்தேன். சட்டையில் ஒட்டியிருந்த செதிலை அம்மா பார்த்துவிட்டாள். மீனைத் தொட்டதற்குத் தலைமுழுகச் சொல்வாள் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா செதிலைச் சுண்டி எறிந்துவிட்டு, "மீன விடு. இங்க ஒரு தம்ளர் கழுவியிருக்கியாலே? ஊருக்குப் போயி சட்டி கழுவினியோ!" என்று ஆரம்பித்தவள்தான், அந்த வாரம் முழுக்க நிறுத்தவில்லை.

என் கல்யாணத்துக்கு பிலோமினா அக்கா ஒரு புது மண்சட்டியைப் பரிசாகத் தந்தார். உள்ளே ஒரு கம்பிநார் இருந்தது. அம்மா அந்தச் சட்டியில் வெங்காயமும் வறுத்த தேங்காயும் போட்டு உள்ளித் தீயல் குழம்பு வைத்து வைத்துக் கறுகறுவென்று பழக்கிவிட்டாள். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனால்கூட என் மனைவி முதலில் அந்தச் சட்டியை எடுத்து மறைப்பாள். இப்போது என் மகளும் மறைக்கிறாள்.

போன மாதம் டீச்சர் 'அடுக்களை'யை மறுபடியும் நடத்தினார். அதுவரை அந்தப் படி ஏறாத அம்மா, தீயல்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிலோமினா அக்கா கைகொடுத்து மாடிக்கு அழைத்துப்போனார். இருவரும் தலையைச் சேர்த்து வைத்து என்னவோ பேசிச் சிரித்தார்கள். பிறகு, தன் சட்டிக்கும் மூன்றாவது வரி வேண்டும் என்றாள் அம்மா. அட்டை எழுதுகிறவன் இன்றும் நான்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:

'தீயல்சட்டி. புழங்குபவர்: பகவதியம்மாள். கழுவியவர்: சிவதாணு அல்ல.'