முறை வைத்துச் சண்டை போடும் உன் மருமகள்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் உங்கள் மருமகள் பட்டாணியும் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு தீர்ந்தது. நீ செய்து வைத்திருக்கும் காரியத்துக்கு இதற்கு மேல் "நீங்கள்" போட என் கை வரமாட்டேன் என்கிறது.

போன பிறந்தநாளுக்கு நீ பட்டாணிக்கு அனுப்பிய கோட்டை வீடியோ விளையாட்டு நினைவிருக்கும். அதையேதான் உன் கம்பெனி கார்ட்டூன் தொடராக எடுக்கிறது, அதில் வரும் சண்டையெல்லாம் உன் பொறுப்பு என்று சொன்னாய். நானும் சும்மா இருக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி மேல்வரிசை எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் எழுந்து ஓட முடியாத அந்த நேரம் பார்த்து என் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் எட்டு வயதுப் பெண்ணுக்குச் சண்டை விளையாட்டு ஆகுமா என்று உள்ளூர எனக்கு உதறல்தான். படித்தவள் இல்லையா, பயப்படுவதற்கு எனக்குக் காரணங்கள் அதிகம் தெரியும். அதனால் நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். பார்த்தால் அது சண்டையே இல்லை அண்ணா, அவ்வளவு நாகரிகம். இந்தப் பக்கம் கவசக்காரன், குதிரைக்காரி, வைத்தியக்காரி என்று நம் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், அந்தப் பக்கம் சேற்றுப் பூதம் நிற்கிறது. நம் முறை வந்தால் அடி, தடுத்துக்கொள், மருந்து குடி, சும்மா நில் என்று நான்கு பொத்தான்கள். நாம் எதை அழுத்தலாம் என்று யோசித்து முடிக்கும் வரை, நடுவில் அடுப்பில் பால் பொங்கி நான் எழுந்து போய் வந்தாலும், அந்தப் பூதம் மூச்சு வாங்கிக்கொண்டு அதே இடத்தில் காத்திருக்கிறது. நம் வீட்டு மனிதர்கள் யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. என் முறை வந்தால் நான் மருந்துதான் குடிப்பேன், காயம் படாவிட்டாலும். பட்டாணி தலையில் அடித்துக்கொள்வாள்.

இதை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடைவேளையில் யாராவது இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் பட்டாணி நடுவில் போய் நின்று இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவாளாம். ஒருவன் தான் என்ன செய்யப்போகிறான் என்று வாயால் சொல்ல வேண்டும், சொன்னபடி புத்தகப் பையால் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும், பிறகு கையைக் கட்டிக்கொண்டு மற்றவன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தால் அது மருந்து, வாங்கிய அடியெல்லாம் கழிந்துவிடும். இப்படிக் குடித்துக் குடித்துச் சண்டை முடிவதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் ஆளுக்கு ஆள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வகுப்பு டீச்சர் என்னிடமே பாராட்டிப் பேசினார். அண்ணா, பெரியவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து முடிக்க முடியாததை என் வயிற்றில் பிறந்தது ஒரு விளையாட்டுத் திடலில் முடித்துக் காட்டியது.

அப்போதுதான் உன் கார்ட்டூன் வந்தது.

விடுமுறையன்று குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். உன் பெயர் வந்தபோது நான் கைதட்டினேன். உன் மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்க்கப் போக வேண்டியவர், ஒரு கட்டிடத்தையே படியேற விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். சண்டை தொடங்கியதுமே பட்டாணியின் முகம் மாறிப்போயிற்று. உன் கவசக்காரன் யாருடைய முறை என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய்ப் பூதத்தின் மேல் பாய்கிறான், அதே நேரத்தில் பூதமும் அடிக்கிறது, குதிரைக்காரி சுவரை உடைத்துக்கொண்டு வருகிறாள், ஒரே புழுதி, எல்லோருக்கும் தலைமுடி மட்டும் அழகாகப் பறக்கிறது. விளையாட்டில் அடி விழுந்தால் தலைக்கு மேல் ஓர் எண் மிதக்கும், உயிர் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். இதில் எண்ணே இல்லை. "யாருக்கு எவ்ளோ மிச்சம்னு எப்பிடிம்மா தெரியும்?" என்று கேட்டாள். கவசக்காரன் மேலே குதித்தான், அந்தரத்தில் நின்றபடியே தன் அப்பா, தன் ஊர், தன் வாள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினான், பேசி முடித்த பிறகுதான் கீழே வந்தான். நான் இயற்பியல் படித்தவள் அண்ணா, அவன் எப்போது விழுவான் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இதையாவது பட்டாணி மன்னித்திருப்பாள். விளையாட்டில் அவள் எடுப்பது எப்போதும் வைத்தியக்காரியைத்தான், அவள் இல்லாமல் அந்தக் கூட்டம் ஒரு நாள் தாங்காது. உன் தொடரில் அந்த வைத்தியக்காரியைத் தூணில் கட்டிப்போட்டு அழவிட்டிருக்கிறாய். பட்டாணி எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ போன் பண்ணியபோது அவள் தூங்குவதாகச் சொன்னேனே, அது பொய். பக்கத்திலேயே நின்று "மாமாகிட்ட நான் பேசல" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை கூட வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் உன் தொடரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பெஞ்சிலிருந்து குதிப்பதும் படியிலிருந்து பாய்வதுமாக இருந்தார்களாம். அந்த வகுப்பில் புல்டோசர் என்று ஒரு பையன், ஆள் பார்க்க அப்படியேதான் இருப்பான். அவன் பட்டாணியைக் குறி வைத்து ஓடி வந்து பையால் அடித்திருக்கிறான், திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். உன் மருமகள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசியில் அவன் திடல் ஓரத்து மேடையில் ஏறி, கவசக்காரனைப் போலவே கத்திக்கொண்டு குதித்தான். அந்தரத்தில் நின்று பேச நினைத்தானோ என்னவோ, பூமி அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. குப்புற விழுந்து உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. வலியில் அவன் சொன்ன முதல் வார்த்தை, பட்டாணி தள்ளிவிட்டாள் என்பது.

வகுப்பு டீச்சர் இவளை நிறுத்தி விசாரித்தார். இவள் வாயே திறக்கவில்லை. ஏன் பேசவில்லை தெரியுமா, டீச்சர் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாராம், இவள் தன் முறை வரட்டும் என்று காத்திருந்தாளாம், அது வரவே இல்லை. குற்றம் செய்தவள்தான் இப்படிக் கல்லாக நிற்பாள் என்று டீச்சர் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். பெற்றோர் வரவேண்டும், விஷயம் உண்மையானால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று செய்தி வந்தது. நான் அதைப் படித்துவிட்டு, வந்திருந்த ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதில் வெயில் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன். இவள் எதிர்காலம், இவளை எந்தப் பள்ளியில் எடுப்பார்கள், கல்யாணத்தின்போது இதைக் கேட்பார்களா என்பது வரை பஸ்ஸிலேயே யோசித்து முடித்துவிட்டேன்.

தலைமையாசிரியை அறையில் வக்கீலாக இருக்கும் புல்டோசரின் அப்பா, அவனுடைய அம்மா, வகுப்பு டீச்சர், நான், வேலைத்தளத்திலிருந்து கிரீஸ் கையோடு வந்த உன் மாப்பிள்ளை. உட்கார்ந்த உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். வக்கீல் மேசையைத் தட்டுகிறார், அவர் மனைவி அழுகிறார், உன் மாப்பிள்ளை எழுந்து நிற்கிறார், நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. அப்படியே உன் தொடரின் சண்டை, தலைமுடி பறக்காததுதான் குறை. அப்போது சுவரோரம் நின்றிருந்த பட்டாணி மேசையருகே வந்து கையைத் தூக்கினாள்.

"மிஸ், இப்ப யாரோட முறைன்னு சொல்லிடுங்க. இல்லன்னா இது முடியவே முடியாது."

தலைமையாசிரியை மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வக்கீலிடம் கொடுத்து, இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம் என்றார். கோர்ட்டில் பேசுகிறவர், அதைக் கையில் வாங்கியதும் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். பட்டாணியிடம் வந்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவன் அடிச்சான். நான் சும்மா நின்னேன். மறுபடி அடிச்சான். மறுபடி சும்மா நின்னேன். அப்புறம் அவனே ஏறி அவனே குதிச்சான். நான் தொடவே இல்ல."

விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தவர். அந்தப் பெண் ஒரு விரல் கூட உயர்த்தவில்லை, இந்த வயதில் இப்படி ஒரு நிதானத்தைத் தான் கண்டதில்லை என்றார். தலைமையாசிரியை பட்டாணியின் தோளில் கை வைத்து, வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வக்கீல்கூடத் தலைகுனிந்துகொண்டார். கடைசியில், புல்டோசர் தையல் பிரித்து வந்ததும் பட்டாணி பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அவளைப் பார்த்துப் பொறுமை கற்றுக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டார்.

கடையில் இதை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. உனக்கும் சொல்கிறேன். நீ ஒரு கூட்டம் ஆட்களை வைத்துக்கொண்டு வாளும் நெருப்புமாகக் காட்டியும் ஒரு சண்டையை முடிக்கத் தெரியவில்லை, உன் மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றே முடித்துவிட்டாள். ஆகவே என் கோரிக்கை: உன் தொடரின் அடுத்த பருவத்தில் எல்லோரும் முறை வைத்துச் சண்டை போட வேண்டும், வைத்தியக்காரியின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும், யாராவது ஒருவர் சும்மா நிற்பதை ஒரு முழு நிமிடமாவது காட்ட வேண்டும். பார்க்கிற பிள்ளைகள் திருந்துவார்கள்.

அண்ணிக்கு என் அன்பு. கணினி முன்னாலேயே உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, லென்ஸ் எண் ஏறியிருந்தால் எழுது, நானே செய்து அனுப்புகிறேன். நீ எடுக்கிற சண்டையெல்லாம் ஜெயிக்கவும், உங்கள் வீட்டில் மட்டும் சண்டையே வராமலிருக்கவும் கடவுளை வேண்டும்,

உன் தங்கை

பின்குறிப்பு: இதைக் காலையில் சேர்க்கிறேன். பட்டாணி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, மாமாவுக்கு அவளைப் பற்றி எழுதியதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். "நிதானம்" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். "அம்மா, நீ மருந்தையே குடிச்சுக்கிட்டிருந்தா உனக்கு எப்பிடித் தெரியும்? சும்மா நில்லுன்னா அது சும்மா இல்லம்மா. அடிக்காம நின்னா ஒவ்வொரு தடவையும் பலம் ரெட்டிப்பாவும். நான் சேத்து வெச்சுக்கிட்டு இருந்தேன். என் அடி வர்றதுக்குள்ள அவன் விழுந்து தொலைச்சிட்டான்." அந்தப் பலமெல்லாம் இப்போது எங்கேடி என்று கேட்டேன். "சேவ் பண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். அண்ணா, தொடரில் எதையும் மாற்றாதே. கத்திக்கொண்டு பாய்கிறவன் வருவதாவது முன்கூட்டியே தெரிகிறது. புல்டோசருக்கு நேற்றுத் தையல் பிரித்துவிட்டார்கள், இன்று முதல் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. தபாலை நம்பாமல் இதைப் படமெடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். சேர்த்து வைத்த பலத்தை யாரையும் அடிக்காமல் இறக்க உன் விளையாட்டில் ஏதாவது பொத்தான் இருந்தால் உடனே கூப்பிடு. முதல் மணி அடித்திருக்கும்.