அளவு ஜாக்கெட்

பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். தப்பாக நினைக்காதீர்கள், வக்கீல் இல்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் காசிநாதன் என்பவருடைய பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறவன். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும் வரை, "இந்தக் கரை உங்களை நல்லா உசரமாக் காட்டுதும்மா", "இந்த அரக்குல பாதியா இளைச்சுத் தெரியறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லிச் சொல்லி, அதற்கென்று தொண்டையில் தனியாக ஒரு குரல் முளைத்துவிட்டது. என் மனைவி ரேணுகாம்பாள் அதற்குக் 'கடைக்குரல்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது கால் ஓய்ந்திருக்கும், நாக்கு ஓய்ந்திருக்கும். கைவசம் ஒரு பொய்கூட மிச்சம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ரேணு கேட்பாள்.

"ஏங்க, நான் குண்டாயிட்டேனா?"

'ஆமாம்' என்றால் சோறு கிடையாது. 'இல்லை' என்றால், "கடைக்குரல்ல சொல்லாதீங்க!" என்பாள். சோறு உண்டு, ரசம் கிடையாது. கலியாணமாகிப் பதினோரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இதில் இன்னொரு சங்கடம், நான் குண்டாகவில்லை. என் பெயர் கலியாணசுந்தரம். கலியாணத்தன்று எப்படிச் சுந்தரமாக இருந்தேனோ, அப்படியேதான் இன்றும். எங்கள் தையல்காரர் தேவசகாயத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ரேணு என் அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போவாள். அதே அளவில் புதுச் சட்டை வரும். போட்டால் அச்சாகப் பொருந்தும். இதை நான் வீட்டில் அவ்வப்போது சொல்லிக் காட்டுவதுண்டு. அவ்வப்போது என்றால் தினமும்.

வெளியூர்க்காரர்களுக்கு அளவுச் சட்டை, அளவு ஜாக்கெட் சமாசாரம் தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் மானமுள்ள பெண்கள் யாரும் தையல்காரர் எதிரில் போய் நின்று அளவு கொடுப்பதில்லை. கலியாணத்தின்போது சாதாரணத் துணியில் ஒரு ரவிக்கை தைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அதை உடுத்துவதில்லை, துவைப்பதில்லை. புதுசு தைக்க வேண்டுமென்றால் அது மட்டும் தையல்காரரிடம் போய்விட்டு வரும். அதுதான் அளவு ஜாக்கெட். ஆள் எப்படி மாறினாலும் அது மாறாது.

ஆவணி மாதம் வாலாஜாபாத்தில் ரேணுவின் தம்பி முருகேசனுக்குக் கலியாணம் என்று முடிவாயிற்று. புதுப் புடவைப் பேச்சு கிளம்புவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"உன் முகூர்த்தப் புடவையையே கட்டிக்க ரேணு. அந்த அரக்குக்கு ஈடா இன்னிக்கு எங்க கடையிலயே சரக்கு இல்ல."

"புடவை சரி. ஜாக்கெட்டு?"

"அதுக்கின்னா?"

முகூர்த்தப் புடவையோடு தைத்த பட்டு ரவிக்கையை எடுத்துப் போட்டுக் காட்டினாள். போட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கை நுழைந்தது. இன்னொரு கை பாதி வழியில் நின்றுவிட்டது. கொக்கி ஒன்று தெறித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் விழுந்தது. புத்திசாலியாக இருந்தால் நானும் கொக்கியைத் தேடுகிற சாக்கில் மூட்டைக்குப் பின்னால் போயிருப்பேன்.

"ஏங்க, நான் குண்டாயிட்டேனா?"

"சேச்சே!"

"கடைக்குரல்."

"இல்ல ரேணு. பட்டு சுருங்கிப் போச்சு."

"பட்டு சுருங்குமா?"

"பெட்டியில கெடந்து கெடந்து சுருங்கிடும். பட்டுக் கடைக்காரன் சொல்றேன், நம்பு. சந்தேகமா இருந்தா அளவு ஜாக்கெட்டைக் குடு. அதே அளவுக்குப் புதுசு தச்சா கனகச்சிதமா இருக்கும் பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ரேணு அளவு ஜாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்களே குடுங்க. பொருந்தலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம் பேசிக்கலாம்' எனக்கு நன்றாகப் பழக்கமானது. அதில் பேசுவது ஒருத்தர்தான்.

மறுநாள் தேவசகாயம் அளவு ஜாக்கெட்டை விரலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யாருக்குண்ணா இது? பாப்பாவுக்கா?"

"உங்க அண்ணிக்குத்தான்பா."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "வாணாம்ணா. இந்த அளவுக்குத் தச்சா மூச்சு உட முடியாது. கெட்டிமேளத்துக்கு முன்னாடி ஜாக்கெட்டு கிழியற சத்தம் கேக்கும்."

"அதுக்குத்தான் ஒரு யோசனை." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "ஒரு மூணு இஞ்சு சேத்துத் தச்சிடு. கேட்டா, அளவு ஜாக்கெட்டுபடிதான் தச்சேன்னு சொல்லிடு."

மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், பொய்யா என்று பதறுவார் என்று எதிர்பார்த்தேன். பொத்தான் தைக்கச் சொன்ன மாதிரி தலையை ஆட்டினார்.

"செஞ்சுடலாம்ணா. நமக்கு இது பழக்கம்தான்."

"பழக்கமா? வேற யாருக்கு இப்படித் தச்சிக்கினு இருக்கே?"

"தொழில்ல அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணா," என்று எழுந்து வந்து, என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த நூலைப் பக்குவமாக எடுத்துப் போட்டார். எவனோ ஒரு ஏமாளி தெருவில் இருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ரவிக்கை வந்தது. ஒரு தகராறும் இல்லாமல் கொக்கிகள் மாட்டிக்கொண்டன. ரேணு கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள்.

"அதே அளவா?"

"அதே அளவு."

"நிஜமா?"

"தேவசகாயத்தையே கேளு."

"கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னாரு." என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு ரசம் உண்டு, அப்பளமும் உண்டு. உலகத்தில் எத்தனையோ பேர் எதை எதையோ கண்டுபிடிக்கிறார்கள், மூணு இஞ்சில் குடும்ப நிம்மதியைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, ரேணு மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு கிருஷ்ணவேணியோடு பேசுவது காதில் விழுந்தது.

"அளவு ஜாக்கெட்டுபடி புதுசு தச்சேன். அப்படியே பொருந்துது. பழைய பட்டு ஜாக்கெட்டு மட்டும் ஏற மாட்டேங்குது. அப்ப நான் மாறலதானே?"

"மாறலக்கா."

"பின்ன இன்னா? பட்டு சுருங்கிப் போச்சு. பெட்டியில கெடந்தா சுருங்கிடுமாம். எங்க வீட்டுக்காரரே சொன்னாரு. பட்டுக் கடைக்காரரு சொன்னா தப்பா இருக்குமா?"

"அய்யய்யோ! எங்கிட்டயும் நாலு ஜாக்கெட்டு ஏறாம கெடக்குது. எல்லாம் அண்ணன் கடையில எடுத்ததுதான்!"

"அதுவும் சுருங்கித்தான் இருக்கும். நீ எங்கே குண்டா இருக்கே?"

சோப்பு கண்ணில் இறங்கியது. தேய்க்கக்கூடத் தோன்றவில்லை.

கிருஷ்ணவேணியிடம் ஒரு விஷயம் போனால் செவிலிமேட்டிலிருந்து பிள்ளையார்பாளையம் வரை போனதாகத்தான் அர்த்தம். அடுத்த நாளிலிருந்து கடைக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வாங்குவதற்கு இல்லை. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பழைய ரவிக்கை. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷமாகத் தன் உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, குற்றம் துணியில்தான் என்று தெரிந்தால் பிறகு கேட்க வேண்டுமா! நான் கடைக்குரலில் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "உங்க வாயாலதானே சுருங்கும்னு சொன்னீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் விரித்த புடவையை மடிக்க ஆரம்பித்தேன்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்பா கலியாணம், நம்ம பட்டு சுருங்கும்னு சொன்னியா?"

"வீட்டுல ஒரு பேச்சுக்கு..."

"வீட்டுப் பேச்சு வீதிக்கு வந்துடுச்சு. எங்க அப்பா காலத்துலருந்து இந்தக் கடைக்கு இப்படி ஒரு பேர் வந்தது இல்ல. நாளைக்குக் காலையில உன் சம்சாரம் இங்க வரணும். இவங்க எல்லாரும் இருக்கும்போது, பட்டு சுருங்கலைன்னு சொல்லணும். இல்லைன்னா நீ வேற கடை பாத்துக்கோ."

பட்டு சுருங்கவில்லை என்றால் வேறு என்ன ஆயிற்று? அதையும் ரேணுவே ஊர் முன்னால் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்படி நான் அவளைக் கேட்டாக வேண்டும். எங்கள் ஊரில் சாமிக்குப் பஞ்சமில்லை. எந்தச் சந்நிதியில் நின்று இதை வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. வேலை போனால் இந்த வயதில் வேறெங்கே போய்ப் புடவை விரிப்பது என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

ரேணு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரேணு, நாளைக்கு நீ கடைக்கு வரணும்."

"எதுக்கு?"

"பட்டு சுருங்கலைன்னு சொல்லணும்."

"சுருங்கிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"சுருங்கலைன்னா, என் ஜாக்கெட்டுக்கு இன்னா ஆச்சு? வீட்டுக் குரல்ல சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேவசகாயம், மூணு இஞ்சு, எல்லாம். பாத்திரம் எதுவும் பறந்து வரவில்லை. கண்ணைத் திறந்தேன். கீரையிலிருந்து அவள் கை எடுபடவில்லை.

"தெரியும். புதுசு வந்த அன்னிக்கே அளவு ஜாக்கெட்டு மேல வச்சுப் பாத்துட்டேன். மூணு இல்ல, நாலு."

"தெரிஞ்சுமா கிருஷ்ணவேணிகிட்ட சொன்னே?"

"கட்டின புருஷன் சொன்னதை நம்பிச் சொன்னேன். அது தப்பா?" கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். "எனக்குக் கண்ணாடி இல்லியா, கண்ணு இல்லியா? பெருத்துட்டேன்னு எனக்கே தெரியாதா? ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரு குரல்ல பேசறீங்க. பொண்டாட்டிக்கும் அதே குரலான்னுதான் எனக்கு ஆத்தாமை. 'ஆமாண்டி, கொஞ்சம் பெருத்துட்டே, அதனால இன்னா'ன்னு ஒரு தரம் சொல்லியிருந்தா, நான் பாட்டுக்குச் சோத்தைப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் புடவைக் கடையில் வளர்ந்த வாய்.

"சரி, இனிமே உள்ளதைச் சொல்றேன். பெருத்துட்டேதான். கொஞ்சம் வாயைக் கட்டணும் ரேணு. என்னைப் பாரு. பதினோரு வருஷமா அதே அளவுச் சட்டை."

ரேணு எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. என் அளவுச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க."

தைத்த நாளிலிருந்து நான் அதைப் போட்டதே இல்லை. போட்டேன். தோள் இறுக்கியது. கழுத்துப் பொத்தானை ஒருவழியாகப் பூட்டினேன். அதற்குக் கீழே பொத்தான்கள் ஒரு கரை, காஜாக்கள் ஒரு கரை. நடுவில் பனியனோடு என் வயிறு. 'நமக்கு இது பழக்கம்தான்' என்று தேவசகாயம் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

"வருஷா வருஷம் ஒரு இஞ்சு சேத்துத் தைக்கச் சொல்லிக்கினு இருக்கேன்," என்றாள் ரேணு. "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு."

"அப்ப நீயும் பொய்தானே சொல்லிக்கினு இருந்தே?"

"நான் எங்க சொன்னேன்? நான் குண்டாயிட்டேனான்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

"ரேணு, இது வந்து... பெட்டியில கெடந்து கெடந்து..."

"சொல்லுங்க. சுருங்கிப் போச்சுன்னு சொல்லுங்க. நாளைக்குக் கடைக்கு வந்து நானும் அதையே சொல்லிடறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணவேணி அம்மியில் அரைக்கிற சத்தம் நின்றிருந்தது.

"குண்டாயிட்டேன்," என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

"அந்தச் சட்டையைக் கழட்டிப் பத்திரமா வையுங்க. நாளைக்கு வேணும்."

காலையில் அவள் சொன்னபடி கடைக்கு வந்தாள். ரவிக்கையும் கையுமாக நின்ற பெண்களுக்கு நடுவே, வயிறு தெரிய அளவுச் சட்டையோடு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இது பட்டும் இல்ல, தண்ணி பட்டதும் இல்ல, சாதாரணச் சட்டைம்மா. துணி எதுவும் சுருங்கல. நாமதான் எல்லாரும் பெருத்துட்டோம். நம்பலைன்னா எங்க வீட்டுக்காரரைப் பாருங்க," என்றாள். பார்த்தார்கள். முதலில் கிருஷ்ணவேணிதான் சிரித்தாள். சிரித்து முடித்ததும், வந்தது வந்தோம் என்று ஆளுக்கொரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பி கலியாணத்துக்கு என்று ரேணுவும் ஒரு மயில் கழுத்துப் பட்டுப் புடவை எடுத்தாள். என் சம்பளக் கணக்கில்.

என் வேலைக்கு ஆபத்தில்லை. என் பக்கத்தில் நின்று கண்ணாடி பார்க்கிற எந்தப் பெண்மணியும் பாதியாக இளைத்துத் தெரிகிறாராம். தீபாவளி வியாபாரம் முடிகிற வரைக்கும் தினமும் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வரும்படி முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்.