பிலார் அம்மாள் காத்திருந்த ஒரு மணி நாற்பது நிமிடம்

செம்பாக்கம்,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள அக்கா லோகநாயகிக்கு, தம்பி யக்ஞநாராயணன் நமஸ்காரம். இங்கே நானும் சுந்தரவல்லியும் சுகம். கோவையில் நீயும் அத்திம்பேரும், முழங்கால் வலி நீங்கலாக, சுகம் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுவாய்.

உறுதியான கடைசிச் செய்தி இது: போன ஞாயிறு மாலை நான் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து போன பிறகு, பிலார் அம்மாள் ஒரு மணி நாற்பது நிமிடம் அங்கே திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சொன்னவள் என் பெண் மிருதுளா, ஸ்பெயினிலிருந்து. அவளுக்குச் சொன்னவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் ஆந்த்ரேஸ், பிலார் அம்மாளின் ஒரே பிள்ளை. கேள்விப்பட்ட செய்திதானே என்று ஒதுக்க முடியவில்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் அழைப்பு நேரக் கணக்கையும் பார்த்துவிட்டேன். மொத்த அழைப்பு இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். அதில் நான் இருந்தது முப்பத்திரண்டு நிமிடம்.

ஜனவரியில் கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பிலார் அம்மாளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை கிடையாது. “பெண்ணின் அப்பாவோடு நாலு வார்த்தை பேச முடியாத ஊருக்கு வந்து நான் என்ன செய்ய?” என்று கேட்டாராம். அவர் வந்தால் கல்யாணம் செம்பாக்கத்தில். வராவிட்டால் அங்கேயே ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, நாம் திரையைப் பார்த்து அட்சதை போட வேண்டியதுதான்.

அதனால் நான் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள மிருதுளா ஒரு வழி சொன்னாள். “அப்பா, கிராமர் புஸ்தகமெல்லாம் தூக்கிப் போடுங்கோ. சண்டே நாலரைக்கு அவங்களோட விளையாட்டா பேசுங்கோ, தானா வரும்” என்றாள். மூன்று மாதமாக விளையாடுகிறேன். முதல் ஆட்டம், தன்னைப் பற்றி இரண்டு நிஜமும் ஒரு பொய்யும் சொல்வது, எதிராளி பொய்யைக் கண்டுபிடிப்பது. பிலார் அம்மாள், ஒரு கல்யாணத்தின் நடுவில் தேவாலயத்தில் தூங்கிவிட்டதாகச் சொன்னார். எந்த வருஷம், எந்த தேவாலயம், பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. என் முறை வந்தபோது எனக்குப் பொய் வரவில்லை, மூன்றும் நிஜமாகவே சொன்னேன். நாற்பத்தொரு வருஷ நிருபர் வேலையில் ஒருநாளும் தாமதமாகச் செய்தி கொடுத்ததில்லை என்பதை அவர் பொய் என்று பிடித்தார். அதை நான் தமிழில் சொன்னதும் அடுக்களையிலிருந்து சுந்தரவல்லி, “அந்த மாமி கெட்டிக்காரி” என்றாள். இன்னொரு நாள், வீட்டுப் பொருள் ஒன்றைப் பெயர் சொல்லாமல் விவரிக்க வேண்டும். நான் எடுத்தது தேன்குழல் அச்சு. பல் பிடுங்கும் கருவியா என்று அவர் கேட்டார். சுந்தரவல்லி வந்து மாவைப் போட்டுப் பிழிந்தே காட்டிவிட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன ஞாயிறு, ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் கேட்டிலிருந்தே, “சார், இன்னா சார், சம்ப் மூடிய தொற சார்! மேடவாக்கத்துல இன்னொரு லோடு கீது!” என்று கத்தினார். நான் எழுந்தேன். நம் வீட்டில் யாராவது புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லியிருக்கிறோமா? அம்மா காதில் விழுந்தால் திரும்ப உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் அனுப்புவாள். ஆகையால் மரியாதையாகக் கைகூப்பி, “வோய் இ வுவெல்வோ” என்றேன். போய்விட்டு வருகிறேன். அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஆள் உண்மையிலேயே திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் இறங்கியது. பக்கத்து வீட்டு தயாளன் வந்தார், ஏரிக்கரைக்கு நடக்கப் போனோம். ஏழு மணிக்குத் திரும்பியபோது கம்ப்யூட்டர் மூடியிருந்தது.

அன்றிலிருந்து பிலார் அம்மாளிடமிருந்து சத்தம் இல்லை. தினமும் காலையில் எனக்கு ஒரு பூப் படம் அனுப்புவார், அதுவும் நின்றுவிட்டது. பதினோரு வரியில் ஸ்பானிஷில் மன்னிப்பு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. “இன்னும் வாயே திறக்கலைப்பா. சாட்டர்டேக்குள்ள ஃப்ளைட் போடலேன்னா கல்யாணம் இங்கதான்” என்கிறாள் மிருதுளா. ஒரு தாய் நூறு நிமிடம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் அக்கா. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுந்தரவல்லியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் தாங்கமாட்டாள். முடிவு சனிக்கிழமை தெரியும். அதுவரை ரயில் டிக்கெட் எடுக்காதே.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். உன் பேரக்குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி
யக்ஞநாராயணன்

பின்குறிப்பு: டிக்கெட் எடு.

கவரை ஒட்ட சுந்தரவல்லியிடம் பசை கேட்டேன். என்ன கடிதம் என்றாள். சொல்ல வேண்டியதாயிற்று.

“காத்துண்டிருந்தாளா? எங்கூடன்னா பேசிண்டிருந்தா!” என்றாள். “நீங்க வாசலுக்குப் போனேளா, நான் பீன்ஸ் நறுக்க அங்க வந்து உக்காந்தேன்.”

“எந்த பாஷையில?”

“நான் தமிழ்ல. அவ அவ பாஷையில.”

“நூறு நிமிஷமா? என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்டேளா? ஊரையெல்லாம் கேப்பேள்.”

நாற்பத்தொரு வருஷ அனுபவத்தில், சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சியை விசாரிக்காமல் நான் எழுதிய முதல் செய்தி மேலே இருப்பது. அடிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். பிலார் அம்மாள் இப்போது படங்களெல்லாம் சுந்தரவல்லிக்குத்தான் அனுப்புகிறார், நாலு நாளில் நாற்பத்தாறு. என் மன்னிப்புக் கடிதத்தையும் அனுப்பி, ‘இது என்ன?’ என்பதுபோல் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறார். நாற்பத்தாறாவது படம் விமான டிக்கெட். ஜனவரி இருபத்திரண்டு, சென்னை. பிள்ளைக்கும் மிருதுளாவுக்கும் சனிக்கிழமை வரை தெரியக்கூடாது என்று வாயில் விரல் வைத்து ஒரு படமும் உண்டு, ஆகையால் நீயும் வாய் திறக்காதே.

நிலுவையில் இருப்பது ஒன்றுதான். தினமும் ஒரு கடிகாரப் படம் வருகிறது, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. சுந்தரவல்லிக்கு அது மட்டும் புரியவில்லையாம். எனக்குப் புரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. ஞாயிறு மாலை நாலரை மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறார்.