அறுத்த கட்டியும் அப்புசாமி வீட்டுச் சமையலறையும்

திருச்செங்கோடு,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை அப்புசாமிக்கு, மச்சான் குருமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா பெரியநாயகியும் நலம். அவள் என்னோடு பேசுவதில்லை என்பது தவிர. நீங்களும் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என் வலது உள்ளங்காலில் சிவப்பாக ஒரு கட்டி வந்ததும், அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாற்போல ஒரு பள்ளம் விழுந்ததும், கால் ஆணி என்று எருக்கம்பால் வைத்து நான் துள்ளியதும் உங்களுக்குத் தெரியும். ரிக் வண்டிக்காரர்களுக்கு உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து, போர் போடத் தண்ணீர் உள்ள இடம் சொல்பவன் நான். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் இந்தக் கட்டியும் கசிய ஆரம்பித்தது. அப்புறம் தேங்காயை யார் மதிப்பது? அந்தத் திமிரோடுதான் எடப்பாடியில் உங்கள் புது வீட்டைப் பார்க்க வந்தேன். சமையலறையில் கால் வைத்ததும் கட்டி சில்லென்றது. திரும்பிப் பார்த்தால் டைல்ஸ் மேல் வலது காலின் ஈரம் மட்டும், நடுவில் ஒரு வட்டம். "கீழ மூடுன கெணறு இருக்குதுங்க மாப்ள, இந்த ஊட்டுக்குக் குடி வராதீங்க" என்று சொன்னேன். உங்கள் மனைவி மதுமதி அழுதாள், நீங்கள் தரையை உடைத்தீர்கள், உள்ளே வெறும் பாறை. பால் காய்ச்சுவதும் தள்ளிப்போனது. "ஏனுங் மச்சான், உங்க காலை நம்பி என்ற ஊட்டையே ஒடைச்சுப்போட்டனே" என்று நீங்கள் கேட்டது இன்னும் என் சோற்றில் கல்லாகக் கிடக்கிறது.

சேலத்தில் டாக்டரம்மா ஒருவர் கட்டியை அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வேர்வைச் சுரப்பியில் வளர்ந்ததாம். அபூர்வம், ஆனால் புற்றும் இல்லை, ஆபத்தும் இல்லை. "அப்ப அந்த ஈரம்?" என்றேன். "கசியத்தாங்க செய்யும்" என்றார். வேர்வையை நம்பியா ஒரு சமையலறையை உடைத்தோம்! வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. தரையைத் திரும்பப் பூசிவிட்டதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமை தைரியமாகப் பால் காய்ச்சுங்கள். அக்காவையும் கூப்பிடுங்கள், உங்களுக்காக ஏங்கிப் போயிருக்கிறாள். அடுப்பு அணையாமல், பிள்ளை குட்டியோடு நீங்கள் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நொண்டி மச்சான் குருமூர்த்தி

பின்குறிப்பு: கடித உறை கொண்டுவந்த உங்கள் அக்கா, "காலை எதுக்குங்க கீழ வெச்சீங்க?" என்று இப்போதுதான் வாய் திறந்தாள். நான் வைக்கவில்லை. கட்டுப் போட்ட கால் தலையணை மேல்தான் இருக்கிறது. ஆனால் வாசலிலிருந்து என் கட்டில் வரைக்கும் வலது காலின் ஈரத் தடம் மட்டும் வந்திருக்கிறது, நடுவில் அந்த வட்டத்தோடு. திரும்பிப் போன தடம் இல்லை. மாப்பிள்ளை, நீங்கள் பூசிய சிமென்ட் காய்ந்துவிட்டதா? இன்னும் ஈரம் கசிகிறதென்றால் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டாம்.